நம் மண்ணை அளந்தவர்களும் அளக்காமல் விட்டதும்

(வானொலியில் நிகழ்த்திய வேளாண் உரையின் எழுத்து வடிவம்)



ஓசூருக்குத் தெற்கே ஒரு கிராமம். ஏரிக்கரை ஆலமரத்தடியில் கூட்டம். சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சார், எங்க பிர்கா சிவப்பு லிஸ்ட்ல இருக்குதாம். நிலத்தடித் தண்ணிய அளவுக்கு மேல எடுத்துட்டோமாம். கிணத்துக்கு மானியம் கெடையாதுன்னுட்டாங்க. ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற ஊரு வேற பிர்கா. அவங்களுக்கு உண்டாம். அதே பாறை, அதே மழை. பாறைக்குள்ள போயி கோடு போட்டது யாரு சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இருநூறு வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு சீமை எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் நொடியும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து, அதை வைத்துத் தீர்வை போடுவதோ, அணை கட்டுவதோ, தொழிற்சாலை வைப்பதோ அரசாங்கங்களின் வழக்கம். நம் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தை இப்படிப் பலமுறை அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதையோ ஒன்றை அளந்தார்கள். எதையோ ஒன்றை விட்டுவிட்டார்கள். விட்டுப்போனது பிற்பாடு உழவன் தலையில்தான் வந்து விடிந்தது.

முதல் அளவை 1792ல் தொடங்கியது. திப்பு சுல்தான் மூன்றாவது மைசூர் யுத்தத்தில் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்துகொண்டபோது, பாராமகால் என்ற சீமை கும்பெனியாருக்குப் போயிற்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பக்கமெல்லாம் அந்தப் பாராமகாலில் சேர்ந்தவைதான். மலைக்கு மேலே உள்ள ஓசூர்ப் பகுதி அப்போது போகவில்லை. திப்பு மாண்ட 1799க்குப் பிறகுதான் சேர்ந்தது. ஆகவே இன்றைக்கு ஜூஜூவாடியில் லாரிகள் கடக்கும் எல்லை, ஏழு வருஷ காலம் இங்கே கீழே மலைச்சரிவில் இருந்திருக்கிறது. எல்லை என்பது இடம் மாறக்கூடிய சரக்கு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாராமகாலுக்கு அதிகாரியாக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த மூன்று பேரில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனவர். மன்றோ தருமபுரியில் பல வருஷம் குடியிருந்தார். இவர்கள் இருவரும் பட்டாளத்து ஆட்கள். ஆனாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயல் வயலாக இறங்கினார்கள். நன்செய், புன்செய், தோட்டம் என்று பிரித்தார்கள். மண்ணைப் பார்த்துத் தரம் வைத்தார்கள். தரத்துக்குத் தகுந்த தீர்வை போட்டார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், உழவன் பேரிலேயே கணக்கு. ரயத்துவாரி முறை இப்படித்தான் நம் மண்ணில் பிறந்தது. உங்கள் வீட்டுச் சிட்டாவை எடுத்துப் பாருங்கள்: சர்வே எண், பரப்பு, நன்செய், புன்செய், தீர்வை. அந்தக் காகிதத்தின் மூதாதை இந்த வேலைதான்.

அவர்கள் செய்தது சாமானியமான வேலை இல்லை. அதுவரை ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லிக் குத்தகை விடுவார்கள். பெரிய கை சின்னக் கையை அமுக்கிவிடும். வயல் வாரியாக எழுதி வைத்தது ஏழை உழவனுக்கு ஒரு பாதுகாப்பு. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அவர்கள் அளந்தது என்ன? இந்த மண் எவ்வளவு விளையும் என்பதை. அளக்காமல் விட்டது என்ன? மழை பொய்த்த வருஷத்தில் இந்த மண் என்ன ஆகும் என்பதை. தீர்வை ரூபாயில் நிர்ணயம் ஆகிவிட்டது. மழை யாருக்கும் நிர்ணயம் ஆகி வருவதில்லை. ரீட் போட்ட தீர்வை கனமானது என்று பின்னால் குறைக்க வேண்டியதாயிற்று. மன்றோவே பிற்பாடு கடப்பை, பெல்லாரிச் சீமையில் வேலை பார்த்தபோது, தீர்வையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807ல் எழுதினார். மேலிடம் உடனே கேட்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்க, இங்கே சேலம் சீமையில் 1802 முதல் வயல்வாரிக் கணக்கை ஓரம் கட்டிவிட்டு, ஊர்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விட்டார்கள். பல மிட்டாக்கள் நொடித்துப் போயின. பாடுபட்டு அளந்ததைப் பெட்டியில் பூட்டிவிட்டு வேறு முடிவு எடுப்பது அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்!

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதைத் தாது வருஷம் காட்டிற்று. 1876ல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தை நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே சொல்வார்கள். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனம், மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. பஞ்சத்தில் செத்தவர்கள், காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்கள், ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அதில் அடக்கம்.

அந்தப் பஞ்சத்தின் நடுவே, வேலைக்கு வரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தானியம் கொடுத்தால் போதும் என்று ஒரு சர்ச்சை நடந்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய அதிகாரி, ஒரு ராத்தல் தானியமும் கையில் கொஞ்சம் காசும் போதும் என்றார். மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ், மண் சுமக்கிறவனுக்கு அது போதாது, ஆள் மெலிந்து செத்துப் போவான் என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலியை ஓரளவு கூட்டினார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டவருக்கும், ஆளை நேரில் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

பிறகு பஞ்சக் கமிஷன் உட்கார்ந்து 1880ல் அறிக்கை கொடுத்தது. மாகாணங்கள் பஞ்ச விதிகள் எழுதிக்கொண்டன. தானிய விலை திடீரென்று ஏறுகிறதா, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊர் விட்டு ஊர் அலைகிறார்களா என்று கவனிக்கச் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் சோதனை வேலை திறப்பார்கள். அதாவது, குறைந்த கூலிக்கு ஒரு ரோடு வேலை. அதற்கும் ஆட்கள் குவிந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். பல உயிர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு. ஆனாலும் வயிறு காய்ந்த பிறகு காய்ந்ததை அளக்கும் அளவை அது. வயல் எப்போது காயும் என்று முன்னால் சொல்லும் அளவை இல்லை.

அதற்கு மேலும் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. 1972ல் நீர்ப்பாசனக் கமிஷன் ஒரு அறிக்கை தந்தது. மழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஐந்து வருஷத்துக்கு ஒரு தரமாவது நடக்கிறதா? அப்படியானால் அது வறட்சிப் பகுதி. சாகுபடி நிலத்தில் 30 சதவீதத்துக்காவது பாசனம் இருந்தால் கொஞ்சம் தாங்கும் என்று விலக்கு. இப்படிக் கோடு போட்டு நாடு முழுவதும் வறட்சிப் பகுதிகளைப் பட்டியல் எடுத்தார்கள். 1965ல் சேலத்திலிருந்து பிரிந்து நம்மையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டம், வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, மரம் நடுதல் எல்லாம் அதில் வந்தவை. 1995 முதல் வேலைகளை ஊர் வாரியாகச் சிதறடிக்காமல், மழைத்தண்ணீர் ஓடிச் சேரும் நீர்வடிப்பகுதி வாரியாக, ஏறக்குறைய 500 ஹெக்டேருக்கு ஒன்று என்று செய்யத் தொடங்கினார்கள். அதுதான் சரியான வழி. தண்ணீருக்குத் தாலுகா தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும்.

இதே காலத்தில் இன்னொரு பட்டியலும் ஓடியது. தொழிலில் பின்தங்கிய பகுதி எது என்ற பட்டியல். தருமபுரி மாவட்டம் அதிலும் இருந்தது. பின்தங்கிய பகுதிக்குத் தொழில் கொண்டுவந்தால் சலுகை. பெங்களூரும் கூப்பிடு தூரம். 1971ல் ஏற்படுத்திய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. மோட்டார் வண்டி, கடிகாரம், இயந்திரக் கருவி என்று கம்பெனிகள் வந்தன. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே சீமையை ஒரு மேஜையில் 'தண்ணீர் இல்லாத ஊர்' என்று எழுதினார்கள். இன்னொரு மேஜையில் 'தொழிற்சாலைக்கு ஏற்ற ஊர்' என்று எழுதினார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால், இன்றைக்கு நாம் பேசும் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

நிலத்தடி நீரைக் கணக்கெடுக்க மத்திய அரசு 1982ல் ஒரு குழு போட்டது. 1984ல் அது வழிமுறை சொன்னது. அன்றைக்கு அளவிட்ட அலகு வட்டாரம், அதாவது பிளாக். வருஷா வருஷம் ஊறும் தண்ணீரில் 65 சதவீதத்துக்குள் இறைத்தால் வெள்ளை வட்டாரம். 65லிருந்து 85 வரை சாம்பல். அதற்கு மேல் கறுப்பு. பாங்கில் கிணற்றுக் கடன் கேட்டுப் போன பழைய ஆட்களுக்கு இது நினைவிருக்கும். கறுப்பு வட்டாரம் என்றால் புதுக் கிணற்றுக்குக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்ன? ஏற்கெனவே வெட்டி வைத்தவர் கிணறு அப்படியே இருந்தது. பந்திக்கு முந்தியவர் சாப்பிட்டார். பிந்தி வந்த சிறு விவசாயிக்கு இலையே இல்லை. அவர் சும்மா இருந்தாரா? நகையை வைத்துத் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிப் போர் போட்டார். கடன்தான் நின்றது, இறைப்பு நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசம் ஆயிற்று. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் என்றைக்கோ விவசாயத்தை விட்டிருப்போம். ஆனால் மீட்டர் இல்லாததால், எத்தனை லிட்டர் இறைத்தோம் என்பது கணக்கு எழுதுகிறவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு கிணற்றுக்குச் சராசரியாக இவ்வளவு என்று எழுதிக் கிணற்று எண்ணிக்கையால் பெருக்குவதுதான் நடைமுறை.

1997ல் வழிமுறையைத் திருத்தினார்கள். 2015ல் மறுபடி திருத்தினார்கள். இப்போதுள்ள வகை இப்படி: ஊறும் தண்ணீர் நூறு என்றால், 70 வரை இறைப்பது பாதுகாப்பு, 70லிருந்து 90 வரை அரை அபாயம், 90லிருந்து 100 வரை அபாயம், நூறைத் தாண்டினால் அதிநுகர்வு. வங்கிக் கணக்கில் போட்டதைவிட அதிகமாக எடுப்பது மாதிரி. தமிழ்நாட்டில் வட்டாரத்தை விட்டுப் பிர்கா அளவில் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2017 கணக்கில் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் அதிநுகர்வு 462, அபாயம் 79, அரை அபாயம் 163, பாதுகாப்பு 427, உப்புநீர்ப் பகுதி 35. 2022 முதல் இந்தக் கணக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது.

பெரியவர் கேட்டாரே, பாறைக்குள் போய்க் கோடு போட்டது யார் என்று? யாரும் பாறைக்குள் போகவில்லை ஐயா. தாலுகா ஆபீசில் வருவாய்க்காகப் போட்ட கோட்டை எடுத்துப் பாறைமேல் வைத்துப் பார்க்கிறோம். நம்மைப் போன்ற கடினப்பாறை நாட்டில் நீர்வடிப்பகுதியை அலகாக வைத்து அளப்பதே நல்லது என்று 1997 வழிமுறையே சொல்கிறது. ஆனால் பட்டா, கடன், மானியம் எல்லாம் பிர்கா கணக்கில் ஓடுவதால், தண்ணீரும் பிர்கா கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை ஆவதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் அந்தச் சிவப்பு பொய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் வயல் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். நம் பக்கம் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர். கேட்பதற்கு நிறைய. ஆனால் நம் அடியில் இருப்பது கருங்கல்லும் அது மக்கிய சுக்கான் மண்ணும். இந்த மாதிரி இடத்தில் பெய்யும் மழையில் நூற்றுக்கு 8லிருந்து 11 பங்குதான் நிலத்தடிக்கு இறங்கும் என்பது மேற்படி வழிமுறையில் வைத்திருக்கும் அளவு. களி கூடினால் எட்டு, குறைந்தால் பதினொன்று. எட்டு என்று வைத்தால் ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டர். உங்கள் போர் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிறது என்றால், ஒரு ஏக்கரின் ஒரு வருஷத்து வரவு 25, 26 மணி நேர மோட்டார் ஓட்டத்தில் தீர்ந்தது!

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கு வாய்க்காலில் பாய்ச்சி, ஒரு போகத்துக்கு 600 மில்லிமீட்டர் கொடுக்கிறோம் என்று வையுங்கள். ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கு மறுபடி கீழே ஊறும். அதைக் கழித்தாலும், ஒரு ஏக்கர் தக்காளியைப் பிழைக்க வைக்க அக்கம்பக்கத்து ஐந்தாறு ஏக்கரில் இறங்கிய மழை வேண்டும். அந்த ஐந்தாறு ஏக்கர்க்காரரும் தக்காளி போட்டிருந்தால்? அல்லது அது கான்கிரீட் போட்ட லாரி ஷெட்டாகவோ மனைப்பிரிவாகவோ மாறியிருந்தால்? ராகியும் கொள்ளும் சாமையும் மழையோடு வந்து மழையோடு போகிறவை. அவை கிணற்றைத் தொடுவதில்லை.

"ஆழமாப் போட்டா கிடைக்குமில்ல?" என்று கேட்பீர்கள். ஆயிரம் அடி தாண்டியும் போட்டுப் பார்க்கிறோம். பாறையில் தண்ணீர் நிற்பது மேலே உள்ள மக்கிய பகுதியிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். கீழே போகப் போக வெடிப்பு குறையும். மக்கிய பகுதிகூட நூறு கன அடிக்கு ஒன்றரை முதல் மூன்று கன அடி தண்ணீர்தான் விடும். ஆயிரம் அடியில் பீறிட்டு வரும் தண்ணீர் பல சமயம் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து வெடிப்பு வழியாக நாம் இழுக்கும் தண்ணீர். புதிதாக ஊறியது அல்ல.

2003ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டமே வந்தது. நடைமுறைக்கு வராமலே 2013ல் ரத்தாயிற்று. ஆகவே நமக்கு இருப்பது அந்த வகைப்பட்டியல் ஒன்றுதான். கிணற்று மானியமானாலும், தொழிற்சாலைக்கு நிலத்தடி நீர் எடுக்க அனுமதியானாலும் பிர்காவின் வகையைப் பார்த்தே முடிவு.

இப்போது இந்த அளவை விட்டுவிட்டது என்ன என்று பார்ப்போம். அது தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறது. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை வகையில் சேர்ப்பதில்லை. உப்புநீர்ப் பகுதியை மட்டும் தனியாக வைக்கிறார்கள்; மற்றக் கெடுதலை ஓரத்தில் குறித்து வைப்பதோடு சரி.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிகாலும் அதில் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த ஆறுதான் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, பிறகு கிருஷ்ணகிரி அணைக்குப் போய், நெடுங்கல் அணைக்கட்டு வழியாகப் பாரூர் ஏரியையும் நிரப்புகிறது. கெலவரப்பள்ளி ஆயக்கட்டு சுமார் 8,000 ஏக்கர். கிருஷ்ணகிரி அணைக்குச் சுமார் 9,000 ஏக்கர். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் வெள்ளை நுரை ஆள் உயரம் எழும்புவதைப் பல வருஷமாகப் பார்க்கிறோம். வீட்டுச் சாக்கடையும் சோப்புத்தூளும் கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது நுரைக்கத்தான் செய்யும். அவர்கள் வீட்டுச் சோப்பு நம் வாய்க்காலில். நம் தக்காளி அவர்கள் வீட்டுச் சாம்பாரில்.

வாய்க்காலில் ஓடும் இந்தத் தண்ணீர் கசிந்து கிணற்றுக்கு இறங்குகிறது. கணக்கில் அது வரவாகத்தான் ஏறும். நீர்மட்டம் உயர்ந்தால் பிர்காவுக்கு நல்ல பெயர்கூடக் கிடைக்கும். கிணறு நிறைந்திருக்கிறது, கணக்கு சந்தோஷப்படுகிறது. குடிக்கிற மாட்டுக்கும் பாய்ச்சுகிற பயிருக்கும் அது என்ன செய்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆற்றில் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு 1892ல் சென்னைக்கும் மைசூருக்கும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கிளை ஆறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணை பற்றி 2018ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2019 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பாயத்தை நாடச் சொன்னது. அளவுக்குச் சண்டை போட வழி இருக்கிறது. தரத்தைப் பற்றி முதலில் நம் கையில் கணக்கு வேண்டும்.

தரத்தை அளந்ததால் காரியம் நடந்த கதையும் நம் மாவட்டத்திலேயே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பிள்ளைகளின் பல் பழுப்பதும், பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் விறைப்பதும் ஊரின் தலையெழுத்து என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதித்து எழுதிய பிறகுதான் அது பாறையின் தாதுவில் இருந்து வரும் நோய் என்று உறுதியாயிற்று. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013ல் காவிரித் தண்ணீர் இந்த ஊர்களுக்கு ஓடத் தொடங்கியது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. சோதித்து எழுதிய காகிதம் இல்லாவிட்டால் அந்தக் குழாய் வந்திருக்காது.

ஆகவே ஆலமரத்தடிப் பெரியவரிடம் மறுமுறை போனபோது நான் சொன்னது இதுதான்: "ஐயா, பிர்கா கணக்கு உங்க ஊருக்கு ரொம்பப் பெருசு. ஊர்க் கணக்கை நீங்களே எழுதுங்க." ஊரில் பழைய திறந்த கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இறைக்காத கிணறாக இருந்தால் நல்லது. கல் கட்டிய கயிறு போதும். மாதம் ஒரு தரம், காலை மோட்டார் போடுவதற்கு முன்னால், கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்திலிருந்து அளந்து தேதி போட்டு எழுத வேண்டும். மே மாதமும் ஜனவரி மாதமும் விட்டுப்போகக் கூடாது. கோடைக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் தெரியும். போருக்கு, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 72 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 10,000 லிட்டர். எத்தனை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது என்பதையும் குறியுங்கள். போன வருஷம் ஐந்து மணி நேரம் ஓடியது இந்த வருஷம் மூன்றுதான் என்றால், அடுத்த போருக்கு நகையை வைப்பதற்கு முன் அந்த நோட்டை ஒரு தரம் புரட்டுங்கள்.

கால்வாய்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர்ச் சோதனை கட்டாயம். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்த்துச் சொல்வார்கள். உப்பைக் காட்டும் ஈ.சி. அளவு 0.75க்குள் இருந்தால் கவலை இல்லை, 2.25ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறி தாங்காது. சாக்கடை கலந்த தண்ணீரில் தழைச்சத்து ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் வழக்கமான யூரியாவையும் போட்டால் செடி கருகருவென்று வளரும், பூச்சி வரும், காய் பிடிக்காது. "பயிர் பச்சையா இருக்கு சார், காசுதான் வரல" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். கன உலோகம் கலந்திருந்தால் அது பழத்தைவிடக் கீரையில்தான் அதிகம் ஏறும். அப்படிப்பட்ட தண்ணீரில் கீரை, கொத்தமல்லி வேண்டாம். பச்சையாகத் தின்னும் எதுவும் வேண்டாம். பூச்செடிக்குப் போகட்டும்.

மாதிரி எடுக்கும்போது ஒரு விஷயம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தரம் அலசி, பிறகு பிடிக்க வேண்டும். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். எண்ணெய், பூச்சிமருந்து இருந்த பாட்டில் ஆகாது. பேர், ஊர், சர்வே எண், கிணறா போரா, எத்தனை அடி, வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம் என்று சீட்டு எழுதி ஒட்டி, அன்றைக்கோ மறுநாளோ சேர்த்துவிட வேண்டும். பெரியவர் ஊரில் ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஏழு பாட்டில் எடுத்தார்கள். வாய்க்காலை ஒட்டி மூன்று, நடுவில் இரண்டு, மேட்டில் இரண்டு. தனித்தனியாகப் போயிருந்தால் ஏழு சீட்டு. சேர்ந்து போனதால் அது ஊரின் படமாகிவிட்டது. அதைப் பெரியவரின் பேத்தி பள்ளிக்கூட நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துத்தான் வரைந்திருக்கிறாள். பிர்கா கோட்டை அவள் போடவே இல்லை.